எண்பத்து மூன்று

மாதம் இருமுறை, செவ்வாய்க்கிழமை,
தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடிக்கு
ஏணியும் தூரிகையுமாக ஏறுகிறேன்.
கீழே இறைச்சி வாட்டும் கடை.
அதன் புகை பாதிப் படிவரை கூடவே வரும்,
பிறகு கண்ணாடிக் கதவில் நின்றுவிடும்.
கொரியப் பண்பாட்டு நிலையம்.
காலணிகளை இங்கே விடவும்.

வரவேற்பு மேசையில் ஹஸ்லினா.
தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால்
அண்ணே என்று கூப்பிட்டு
கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான், தெரியுமா என்பாள்.
மூன்று வருடமாக, ஒவ்வொரு முறையும்.
மூன்று வருடமாக நானும்
அப்படியா என்கிறேன்.

என் வேலை எளிது.
ஈரப்பதம் ஐம்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.
தாண்டினால் பியோன் சூ-ஓக் போன் செய்வார்.
எழிலன் என்பதன் ழகரத்தை
அவர் லகரத்தில் இறக்கிவைப்பார்.
அவர் பெயரை நான் எங்கே இறக்குகிறேனோ,
இதுவரை சொன்னதில்லை.

கயாகும். பன்னிரண்டு பட்டு நரம்புகள்,
ஒவ்வொன்றின் கீழும் நகர்த்தக்கூடிய ஒரு மரத்துண்டு.
வீணைக்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள்.
காட்டுவாத்தின் கால் என்றார் இவர்.
குதிரையோ வாத்தோ,
இந்த ஊர்க் காற்றில் எதுவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை.
பட்டு நீர் குடித்துத் தளரும்,
சுதி இறங்கும்,
மாலை வகுப்பில் பதினோரு பேர்
பதினோரு மழைக்காலங்களை மீட்டுவார்கள்.

டிசம்பர், சனிக்கிழமை, ஆண்டு நிகழ்ச்சி.
எழுபது நாற்காலி, எண்பத்தாறு பேர்.
துறைமுகப் பக்கம் எங்கோ இடி.
போன மின்சாரம் விளக்குகளுக்கு மட்டும் திரும்பியது,
என் இயந்திரத்துக்கு இல்லை.
ஈசூனிலிருந்து டாக்சி. இருபத்தெட்டு வெள்ளி.

நான் சேர்ந்தபோது தொடங்கிவிட்டிருந்தார்.
சுவரில் மானி: எண்பத்து மூன்று.
நிகழ்ச்சி நிரலை மடித்து எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.
அவருடைய ஹன்போக்கின் வெள்ளைக் கழுத்துப்பட்டி
நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

பின்னறையில் ஒரு கான்டாக்டர் கருகிக் கிடந்தது.
மாற்ற ஆறு நிமிடம்.
விசையில் விரலை வைத்துக்கொண்டு
கதவிடுக்கு வழியாகப் புருவத்தால் கேட்டேன்:
போடவா?

இடக்கை நரம்பை அழுத்தியபடி இருக்க
தலை மட்டும்
மயிரிழை வலம், மயிரிழை இடம்.
வேண்டாம்.

கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.
இப்போது குளிர் விழுந்தால் பட்டு இறுகும்,
பாதி வாசிப்பில் சுதி ஏறும்.
அவர் இந்தப் புழுக்கத்துக்கே சுதி சேர்த்திருந்தார்.
பன்னிரண்டு வாத்துக்கால்களையும் நகர்த்தி,
அரைக்கட்டை கீழே வந்து,
எங்கள் வானிலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வருடம்
இந்தக் காற்றை அந்த மரத்திடம் நெருங்கவிடாமல்
சம்பளம் வாங்கியவன் நான்.
சோதித்துப் பார்க்கையில் ஏணியிலிருந்து கேட்டிருக்கிறேன்:
வறண்ட அறையில் ஒவ்வொரு தட்டலும்
கண்ணாடிக் குவளை.
அன்று வேறு.
ஈரத்துணியை உதறுவதுபோல் கனத்து,
சற்றுத் தாமதித்து,
எங்கே முடிகிறது என்று சொல்லாமல் முடிந்தது.
என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
விரலை எடுத்து எப்போது பையில் விட்டேன், நினைவில்லை.

முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒருவர்
மேடையோரம் வந்து கேட்டார்:
இது கொரியாவின் தென்மாகாணப் பாணியா?
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
ஆமாம் என்றார் பியோன் சூ-ஓக்.
ரொம்பத் தெற்கு.

வேலை அறிக்கை எழுதினேன்.
கோளாறு: கான்டாக்டர்.
சரிசெய்தது: 8.14. இயக்கியது: 9.05.
இடைவெளிக்குக் காரணம் கேட்டு
சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது.
வாடிக்கையாளர் வேண்டுகோள் என்று எழுதினேன்.
அதற்குமேல் அதில் இடமில்லை.

அன்று நுழைவுச்சீட்டு முப்பது வெள்ளியாம்,
ஹஸ்லினா சொன்னாள்.
டாக்சிப் பணத்தை நான் அலுவலகத்தில் கேட்கவில்லை.
கணக்கு இரண்டு வெள்ளி இடிக்கிறது.
இடிக்கட்டும்.